முந்நூற்றுப் பதினெட்டில் ஒன்று

"ஒண்ணே ஒண்ணுதான் சிவப்பு. மீதி எல்லாம் பச்சை, மேடம்," என்றார் நிரலாளர், ஊரே பச்சையாக இருக்கும்போது ஒரு புள்ளியைப் போய்ப் பார்க்கலாமா என்ற குரலில்.

"ஒண்ணு சிவப்பா இருந்தாலும் தளத்தோட புதுப் பதிப்பு வெளிய போகாது. அது போகலேன்னா நீங்களும் வீட்டுக்குப் போகமாட்டீங்க," என்றார் மேலாளர்.

ஒரு பல் மருத்துவமனையின் முன்பதிவுத் தளம் அது. ஜாவாஸ்கிரிப்ட் என்ற கணினி மொழியில் அதை எழுதியவர் அந்த நிரலாளர்தான். ஒவ்வொரு பொத்தானும் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்க்க முந்நூற்றுப் பதினெட்டு சோதனைகள். தினமும் காலையில் ஜெஸ்ட் என்ற கருவி அவற்றை வரிசையாக ஓட்டும். தேறினால் பச்சை, தவறினால் சிவப்பு. நேற்று வரை எல்லாம் பச்சை. ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை. இன்று ஒன்று சிவப்பு.

இன்று பார்த்தா?

காலையில் வாசலில் செருப்பு மாட்டும்போது மனைவி கேட்டிருந்தாள்: "மறதியாரே, ஆறு மணிக்குள்ள வந்துருவீங்களா?" அந்தப் பட்டம் வீட்டு வாசலைத் தாண்டாதது. அவர்கள் இருவரைத் தவிர யாருக்கும் தெரியாது.

"வந்துடறேன். எதுக்கு?"

"சும்மாதான்."

பன்னிரண்டு வருடக் குடித்தனத்தில் அவரை நடுங்கவைக்கும் ஒரே சொல் 'சும்மாதான்'. போன வருடமும் ஒருநாள் இப்படித்தான் சொன்னாள். அவர் ஒன்பதரைக்குப் போய்ச் சேர்ந்தார். அவள் சண்டை போடவில்லை, போட்டிருந்தால் தேவலை. மேசையில் எடுத்து வைத்திருந்த இரண்டு தட்டுகளையும், யாரும் சாப்பிடாத தட்டுகளை, மறுபடி அலமாரியில் அடுக்கினாள். அந்தத் தட்டுச் சத்தம் இன்னும் அவர் காதில் இருக்கிறது. அது என்ன நாள் என்பதுதான் மறந்துவிட்டது.

அந்தச் சோதனையைத் திறந்து படித்திருக்கலாம். ஆனால் ஆடத் தெரியாதவனுக்குக் கூடம்தானே கோணல்?

"ஜெஸ்ட்டா? இன்னுமா அண்ணே?" என்றான் பக்கத்து மேசைக்காரன். எது புதிதாக வந்தாலும் முதலில் தொட்டுப் பார்ப்பவன் என்பதால் அவனுக்குப் 'புதுசு' என்றே பெயர். "வீட்டெஸ்ட்னு புதுக் கருவி இருக்கு, அதுக்கு மாறுங்க. பறக்கும்."

மாறினார். பறந்தது. முன்பு ஒரு நிமிடத்தில் வந்த சிவப்பு இப்போது பத்தே நொடியில் வந்தது, கூடவே நாற்பத்திரண்டு பேரை அழைத்துக்கொண்டு.

நாற்பத்திரண்டையும் ஒவ்வொன்றாகச் சரிசெய்து முடிக்கையில் மதியம் கடந்துவிட்டது. அந்தப் பழைய ஒன்று மட்டும் சிவப்பாகவே உட்கார்ந்திருந்தது.

"எந்த மடையன்டா இதை எழுதினான்?" என்றார்.

"யாரோ வேலையை விட்டுப் போனவனா இருக்கும்ணே. மோக்கான்னு இன்னொரு கருவி, அதுக்கு மாறிப் பார்ப்போமா?"

மோக்கா தனியாக வராது. சரிபார்க்க சாய் என்று இன்னொன்றையும் கூட்டி வரவேண்டும், கண்ணுக்குக் கண்ணாடி மாதிரி. கூட்டி வந்தார். சிவப்பு கூடுவிட்டுக் கூடு பாய்ந்து அங்கேயும் வந்து நின்றது. பாவம், கருவிகள் மூன்றும் சொல்லிவைத்தாற்போல் ஒரே உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தன. கேட்கத்தான் ஆள் இல்லை.

"கடைசியா ஒண்ணு. பிளேரைட். நிஜ பிரவுசரைத் திறந்து, நிஜ மனுஷன் மாதிரியே தட்டிப் பார்க்கும்ணே."

தட்டியது. நிஜமாகவே தட்டியது. அவசரத்தில் ஒத்திகைத் தளத்தின் முகவரிக்குப் பதிலாக மருத்துவமனையின் நிஜத் தளத்தைக் கொடுத்திருந்தார் அவர்.

நான்கரைக்குத் தொலைபேசி அலறியது. பல் டாக்டர்.

"சார், 'டெஸ்ட் டெஸ்ட்'னு ஒருத்தர் நாளைக்கு முப்பது தடவை பல்லு பிடுங்க வர்றாராம். மனுஷனுக்கு மொத்தமே முப்பத்திரண்டுதானே சார்? மீதி ரெண்டை வெச்சு எதை மெல்லுவார்?"

மன்னிப்புக் கேட்டார். முப்பதையும் ஒவ்வொன்றாக ரத்து செய்தார். மேலாளர் வந்து தன் காப்பிக் கோப்பையை அவர் மேசையில் ணங்கென்று வைத்துவிட்டுப் போனார். அதுவும் தட்டுச் சத்தம் மாதிரியே இருந்தது.

ஐந்தே கால். வீட்டுக்குப் போக அரைமணி நேரம் ஆகும். கைப்பேசியில் மனைவியின் செய்தி: 'கிளம்பிட்டீங்களா? முடியலேன்னா பரவால்ல.' அந்தப் 'பரவால்ல'வை அவர் இரண்டு முறை படித்தார்.

"போதும். இருந்தாத்தானே சிவப்பு?" என்று அன்று முதல்முறையாக அந்தச் சோதனை இருந்த கோப்பைத் திறந்தார். படிப்பதற்காக அல்ல. சோதனையை மேலிருந்து கீழ்வரை தேர்ந்தெடுத்தார். அழிக்கும் விசையின் மேல் விரலை வைத்தார்.

"தம்பி, கையைக் கொஞ்சம் எடுங்க," என்று மேசை துடைக்க வந்த துப்புரவு அக்கா துணியோடு நின்றார். இவர் விரலை எடுத்தார்.

அக்கா துடைத்துக்கொண்டே திரையைப் பார்த்தார். "எப்பப் பாரு இங்கிலீஷா ஓடும், எனக்கு ஒண்ணும் விளங்காது. இன்னிக்குத்தான் எனக்குப் படிக்கிற மாதிரி நடுவுல ஒரு வரி தமிழ்ல போட்டிருக்கீங்க."

"தமிழ்லயா? என்னக்கா போட்டிருக்கு?"

அக்கா துணியைத் தோளில் போட்டுக்கொண்டு, எழுத்துக்கூட்டிப் படித்தார்:

"'மறதியாரே, இது சிவப்பானா இன்னிக்கு அவ பிறந்தநாள், எதையும் சரிபண்ணாம வீட்டுக்குக் கிளம்பு.'"