மேற்கண்ட அனைத்தும்

வாசகப் பெருமக்களே, உங்களையே சாட்சிக் கூண்டுக்கு அழைக்கிறேன். ஒரகடம் சாலை நெடுகத் தேடினாலும், சொற்களை இவரளவுக்குக் கொன்று குவித்தவர் எவருமில்லை. வாகன உதிரிபாக ஆலை ஒன்றின் பாட வடிவமைப்பாளர் அவர். புதிதாகச் சேர்வோர் எதை, எந்த வரிசையில், எப்படிக் கற்க வேண்டும் என்று தீர்மானிப்பவர். ஆலை அவருக்கு வைத்த பெயர் கத்திரி. சக ஊழியரின் கல்யாணப் பத்திரிகையையே, “தேதி, மண்டபம், பஸ் நம்பர் போதும்” என்று நறுக்கிக் கொடுத்தவர்.

பட்டிமன்றக் கோப்பைகளின் மிடுக்கோடு அவருக்கு உதவியாளனாகச் சேர்ந்தேன். “இரும்பை வென்ற இனமே!” என்று தொடங்கிப் பாதுகாப்புப் பாடம் எழுதினேன். மொத்தத்தையும் அடித்தார்.

“இத்த கேட்டுகினு தொழிலாளி கை இன்னா பண்ணும், தம்பி?”

“தட்டும்!”

“தட்டறதுக்கு கை இருக்கணுமே?”

கொதித்துப்போனேன். அவரோ தகட்டை அழுத்தி வடிக்கும் பிரஸ் மெஷின் எதிரே சாப்பாட்டு டப்பாவோடு ஷிஃப்ட் முழுக்க அமர்ந்து, யார் கை எப்போது அவசரப்படுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். பிறந்தது பாடம்: நிறுத்து, பூட்டு, அப்புறம் கையை விடு. சுவிட்சைப் பூட்டி, மெஷினில் செய்து காட்டினால்தான் தேர்ச்சி.

மேலாளருக்கு அது நேர விரயம். படப்பையிலிருந்து வரும் கம்பெனி பஸ்ஸிலேயே, செல்போனில் ஒரு படம், கடைசியில் சில கேள்விகள் போதும் என்று ஆணையிட்டார். எல்லாக் கேள்விக்கும் விடை ஒன்றே: மேற்கண்ட அனைத்தும். அனைவரும் முழு மதிப்பெண்! வெட்கமின்றிக் கேக் வெட்டினார்கள்.

கத்திரி நேராக லைனுக்குப் போனார். தென்காசிப் பக்கமிருந்து புதிதாக வந்திருந்த இசக்கியம்மாளிடம் கேட்டார்:

“பிரஸ்ல தகடு சிக்கிக்கிச்சு. இன்னாம்மா பண்ணுவ?”

“மேற்கண்ட அனைத்தும், சார்!”

பெருமையோடு சொல்லி, செய்தும் காட்ட, ஓடும் பிரஸ்ஸுக்குள் கையை நீட்டினாள். கத்திரி பாய்ந்து சிவப்புப் பொத்தானை அடித்தார். லைன் நின்றது. மேலாளர் ஓடிவந்தார்.

“யோவ்! யாரைக் கேட்டு லைனை நிறுத்தின?”

“லைன் திரும்ப ஓடும், சார். வெரலு மொளைக்குமா?”

அன்று மாலையே வேலை போயிற்று, மேலாளருக்கல்ல, கத்திரிக்கு! கேட்கிறேன்: விரலைக் காத்தவர் வெளியே, விரலைப் பணயம் வைத்தவர் நாற்காலியிலா? இது எந்த ஊர் நீதி?

ஆலை வாசலில் இசக்கியம்மாள் கண் கலங்கி நின்றாள். “என்னாலயா சார் போறீய?”

“அழுதுகினு நிக்காத. போம்மா, பஸ்ஸு போய்டும்.”

என் தொண்டையில் நெடிய கண்டன உரை ஒன்று தயாராக இருந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் நானே அதை வெட்டினேன். மிஞ்சியதை, வாசலுக்கு வந்து நின்ற மேலாளர் காதிலும் விழும்படி உரக்கச் சொன்னேன்:

“நிறுத்து, பூட்டு, அப்புறம் கையை விடு. நான் சொல்லிக் குடுப்பேண்ணே.”