நாற்பதுக்கு ஒரு ஆமென்

இந்தப் பம்பாய் மாநகரத்தில், சைக்கிளில் இட்லி விற்பவர் முந்திக்கொண்டு போன ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றே ஒன்றுதான் உண்டு. அது எங்கள் புளி அண்ணாச்சியுடையது. நான் சொல்வதை நம்ப வேண்டாம். சுனாபட்டி ஸ்டேஷன் பக்கம் காலையில் போய், பின்னால் குண்டானைக் கட்டிக்கொண்டு பாம் பாம் என்று ஹாரன் அடித்து வரும் எந்த இட்லிக்காரரையும் கேளுங்கள். "அந்தச் செவப்பு வண்டியா? நானே ரெண்டு வாட்டி முந்திருக்கேன் சார்" என்று சட்னியை ஊற்றியபடியே சொல்வார்.

அண்ணாச்சிக்குத் தாராவியில் புளி மொத்த வியாபாரம். வீடு சுனாபட்டியில், எனக்கு நேர் மேல் மாடி. திருநெல்வேலிக்குத் தெற்கே இருந்து மீசை முளைத்த வயதில் இந்த ஊருக்கு வந்து, டெம்போ ஓட்டி, டெம்போவில் ஏற்றிய புளியையே பிற்பாடு வாங்கி விற்க ஆரம்பித்தவர். அந்த டெம்போ காலத்தில்தான் அவருக்கு இந்தக் கோட்டி பிடித்திருக்கிறது. மூட்டைகளோடு உருட்டிக்கொண்டு போனவரை ஒரு சிவப்புக் கார் தாண்டிப் போயிருக்கிறது.

"தம்பி, கார் போயிருச்சு. பெறவுதான் சத்தம் வந்துச்சு. அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன். கண்ண மூடுததுக்கு முன்னால ஒரே ஒரு தடவ அந்த வேகத்துல போயிரணும்."

இதை என்னிடம் அவர் நூறு தடவையாவது சொல்லியிருப்பார். பேச்சுதானே என்று நானும் தலையாட்டிக்கொண்டிருந்தேன். பிள்ளைகளுக்கெல்லாம் கல்யாணம் முடிந்து, தலையும் முழுக்க நரைத்தபிறகு, மனுஷன் யாரிடமும் மூச்சு விடாமல் போய் ஒன்றை வாங்கிவிட்டார். செகண்ட் ஹேண்ட்தான். ஆனாலும் அசல் ஸ்போர்ட்ஸ் கார். மிளகாய்ப் பழச் சிவப்பு, இரண்டே சீட்டு, என் இடுப்பு உயரம். பில்டிங் வாசலில் அது வந்து நின்று உறுமியபோது நான் முகச்சவரம் செய்துகொண்டிருந்தேன். தாடையில் அந்த வெட்டின் தழும்பு இன்னும் இருக்கிறது. மாடிப் புறாக்கள் மொத்தமும் கிளம்பிச் செம்பூர் பக்கம் போனவை, இரண்டு நாள் திரும்பி வரவில்லை.

சோப்பு முகத்தோடு கீழே ஓடினேன். காரின் கதவு திறந்து, தரைமட்டத்திலிருந்து ஒரு கை மட்டும் வெளியே நீண்டது.

"தம்பி, கொஞ்சம் புடிச்சு இழு."

இழுத்தேன். அண்ணாச்சி வந்தார். அன்று முதல் அவரைக் காரிலிருந்து வெளியே எடுப்பது எங்கள் பில்டிங்கின் பொதுக் காரியமாகிவிட்டது. தண்ணீர் வருவதற்குள் குடம் வைப்பதுபோல, அந்த உறுமல் கேட்டதும் யாராவது ஒருவர் கீழே இறங்கிவிடுவோம்.

அண்ணாச்சியின் மனைவியை நான் மதினி என்று கூப்பிடுவேன். மதினி ஈரக் கையைச் சேலையில் துடைத்தபடி இறங்கி வந்து, காரை ஒரு சுற்று சுற்றிவந்தார்.

"மீதி வண்டி எப்பம் வரும்?"

"இம்புட்டுத்தான் வண்டி."

"பேரப்புள்ளைய எல்லாம் எங்கன உக்காரும்?"

"ரெண்டு பேருக்குத்தான் எடம். நீயும் நானும்."

"நான் சவப்பெட்டிக்குள்ள இப்பமே படுக்க மாட்டேன். சரி, எம்புட்டு வேகம் போவும் இது?"

பெருமை தாங்காமல் அண்ணாச்சி உண்மையைச் சொல்லித் தொலைத்தார். "முந்நூறு."

மதினியின் முகம் வெளிறிவிட்டது. ஒரு வார்த்தை பேசாமல் மாடியேறிப் போனார். மதினி பேசாமல் போகிறார் என்றால் ஏதோ நடக்கப் போகிறது என்று எங்களுக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

எங்கள் கிறிஸ்தவச் சபையில் ஒரு வழக்கம். புது வண்டி எடுத்தால் போதகரை அழைத்து ஜெபம் பண்ணிய பிறகுதான் ரோட்டில் இறக்குவோம். எங்கள் போதகர் ஐயாவுக்குப் பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய குரல். ஸ்கூட்டருக்கே கால் கடுக்க ஜெபிப்பார். ஸ்போர்ட்ஸ் காருக்குச் சொல்ல வேண்டுமா? பில்டிங்கே சுற்றி நின்றது. எல்லோரும் கண்ணை மூடுவதற்கு முன், மதினி ஐயாவிடம் போய்க் காதோடு ஏதோ சொன்னதை நான் பார்த்தேன்.

ஐயா டயருக்காக ஜெபித்தார். பிரேக்குக்காக ஜெபித்தார். மாநகராட்சி தோண்டிப் போட்ட பள்ளங்களுக்காக உருகி உருகி ஜெபித்தார். அண்ணாச்சிக்கு ஒரு பழக்கம், ஐயா மூச்சு வாங்குகிற இடத்திலெல்லாம் "ஆமென்" போடுவார். அன்றைக்கு உடம்பு மட்டும்தான் ஜெபத்தில் நின்றது. மனசு முழுக்கக் கையிலிருந்த சாவியில்.

"இந்த வாகனத்தை ஒருக்காலும் மணிக்கு நாற்பது கிலோமீட்டருக்கு மேலே ஓட்டுவதில்லை என்று உம்முடைய அடியான் இன்று பண்ணுகிற பொருத்தனையை ஏற்றுக்கொள்ளும் ஆண்டவரே."

"ஆமென்" என்றார் அண்ணாச்சி. அந்தத் தெருவே அதுவரை கேட்காத பெரிய ஆமென்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கண்ணைத் திறந்துவிட்டேன். அண்ணாச்சியும் திறந்துவிட்டார். சொன்ன ஆமென் அவர் காதில் அப்போதுதான் போய் விழுந்திருக்கும் போல. ஜெபம் முடிந்ததும் மெல்ல ஐயாவிடம் போனார்.

"ஐயா, இப்பம் நடுவுல என்னமோ சொன்னியளே?"

"பொருத்தனை பண்ணியிருக்கீங்க அண்ணாச்சி, ஆண்டவருக்கே வாக்குக் குடுத்திருக்கீங்க. இந்தக் காலத்துல யாருக்கு இந்த மனசு வரும்?"

மதினி எல்லோருக்கும் கேசரித் தட்டை நீட்டிக்கொண்டே போனார். அவர் முகத்தில் அவ்வளவு சமாதானம்.

நான் அண்ணாச்சிக்கு எவ்வளவோ எடுத்துச் சொன்னேன். இது ஏமாற்று, செல்லாது, உங்களைக் கேட்காமலே பண்ணிய பொருத்தனை, கோர்ட்டில் நிற்காது என்றெல்லாம் வாதாடினேன். அவர் காரின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

"தம்பி, ஆமென்னா அப்படியே ஆகட்டும்னு அர்த்தம். எவன் சொல்லச் சொன்னான்? நானாத்தான சொன்னேன். சந்தையில என் ஒரு வாய்வார்த்தைய நம்பி லாரி லாரியா புளி அனுப்புதான். மனுசன்கிட்டயே பேச்சு மாறாதவன், அவர்கிட்டப் போயி மாறவா?"

அப்போதே அவர் கண் கலங்கியிருந்தது. வாழ்நாள் ஆசை கையில் சாவியாக இருக்கிறது. காலை வைத்து அமுக்கினால் போதும். அமுக்கக் கூடாது. எனக்கு மதினியின் மேலும் ஐயாவின் மேலும் வந்த ஆத்திரத்தில் கேசரியைத் தொடவேயில்லை.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் பார்க்கச் சகிக்காத காட்சி. நாற்பதுக்குள் ஓட்டுவதற்காக அந்தக் கார் செய்யப்படவில்லை. கடிவாளத்தைக் கடித்துக்கொண்டு உறுமும், குலுங்கும், சூடாகும். ஸ்பீடு பிரேக்கர் வந்தால் நேராக ஏறினால் வயிறு கிழியும் என்று, அண்ணாச்சி காரைக் குறுக்காகத் திருப்பி, ஒவ்வொரு சக்கரமாக ஏற்றி இறக்குவார். இட்லிக்காரர் முந்திப் போவது அப்போதுதான். பின்னால் நிற்கும் ஆட்டோக்காரர்கள் ஹிந்தியில் திட்டுவார்கள். அண்ணாச்சி கண்ணாடியை இறக்கி, கையைக் கூப்பி மன்னிப்புக் கேட்பார்.

ஒருநாள் ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்களின் கூட்டம் ஒன்று அவரை அழைத்தது. விடுமுறை நாளில் விடிகாலையிலேயே கிளம்பி, பத்துப் பதினைந்து கார்களாக எக்ஸ்பிரஸ்வேயில் பறந்து, லோனாவாலாவில் காலைப் பலகாரம் சாப்பிட்டுத் திரும்புவார்களாம். அண்ணாச்சி என்னையும் ஏற்றிக்கொண்டார். டோல்கேட்டைத் தாண்டியதும் சர் சர்ரென்று எல்லாக் கார்களும் போய்விட்டன. நாங்கள் மட்டும் இடது ஓரத்தில், சிமெண்ட் லாரிகளின் வசவு வாங்கிக்கொண்டு ஊர்ந்தோம். ஹைவே போலீஸ்காரர் ஒருவர் பைக்கில் வந்து எங்களை நிறுத்தினார்.

"க்யா ஹுவா சேட்? காடி கராப் ஹை க்யா?" வண்டி ரிப்பேரா என்று கேட்டார்.

"நஹி சாப். வாதா கியா ஹை." வாக்குக் கொடுத்திருக்கிறேன் என்றார் அண்ணாச்சி.

"கிஸ்கோ?" யாருக்கு என்றார் போலீஸ்காரர்.

அண்ணாச்சி விரலை மேலே காட்டினார். போலீஸ்காரர் வானத்தைப் பார்த்தார், காரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நானும் ஆமாம் என்று தலையாட்டினேன். அவர் தன் சர்வீஸில் குடித்தவன், தூங்கினவன், பந்தயம் விட்டவன் என்று எல்லோரையும் பிடித்திருப்பார். இப்படி ஒருவரைப் பிடித்ததில்லை. கையைக் காட்டி அனுப்பிவிட்டார். சூடேறிய காரை வழிநெடுக நிறுத்தி ஆறவிட்டு, நாங்கள் லோனாவாலா போய்ச் சேர்ந்தபோது பலகாரம் முடிந்து, கூட்டம் முடிந்து, மதியச் சாப்பாடு பரிமாறிக்கொண்டிருந்தார்கள்.

இப்படியே ஒரு வருஷம் போயிற்று. பிறகு அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது.

காலை முதல் ஆராதனை. மணி அடித்து, பாட்டு முடிந்து, ஐயாவைக் காணோம். உள்ளே போய்ப் பார்த்தால், அங்கியைப் பாதி மாட்டிய நிலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் சரிந்திருந்தார். உடம்பெல்லாம் வேர்வை. அந்தப் பெரிய குரலில் வார்த்தை எழும்பவில்லை. ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டால், வருகிறோம், கொஞ்சம் நேரமாகும் என்றார்கள். கோயில் காம்பவுண்டில் கார்கள் ஒன்றின் பின் ஒன்றாக அடைத்து நின்றன. முதல் காரை எடுக்க வேண்டுமானால் கடைசிக் காரின் சொந்தக்காரரைத் தேட வேண்டும். கேட்டுக்கு வெளியே, ரோட்டில், ஒரே ஒரு கார் தனியாக நின்றது. காம்பவுண்டின் சரிவில் ஏறினால் அடி தட்டும் என்பதால் அண்ணாச்சி எப்போதும் காரை ரோட்டிலேயே விடுவார்.

நாலு பேர் சேர்ந்து ஐயாவைத் தூக்கி அந்தத் தாழ்ந்த சீட்டுக்குள் எப்படியோ இறக்கினோம். அண்ணாச்சி ஸ்டியரிங்கைப் பிடித்துவிட்டார். கார் உறுமுகிறது, நகரவில்லை. கேட்டருகே நின்ற மதினியை அண்ணாச்சி பார்க்கிறார்.

"என்னத்தப் பாக்கிய? போங்க."

"நாப்பதுலயா?"

மதினி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தார். சீட்டில் சாய்ந்திருந்த ஐயாதான் கண்ணைத் திறக்காமலே கையை லேசாகத் தூக்கினார். அவர் ஆயுசிலேயே பண்ணிய மிகச் சின்ன ஜெபம் அது.

"ஆண்டவரே, இன்னைக்கு மட்டும்."

"ஆமென்" என்றோம் ரோட்டில் நின்ற அத்தனை பேரும். மதினியின் குரல்தான் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது.

அந்தக் கார் போனது எங்கள் கண்ணில் படவில்லை. அவ்வளவுதான் சொல்ல முடியும். நின்ற இடத்தில் புகையும் ரப்பர் நாற்றமும் இருந்தன. அண்ணாச்சி சொல்வதுபோல, சத்தம் பிறகுதான் வந்தது. விடுமுறைக் காலை, ரோடு காலி. நானும் சபைச் செயலாளரும் ஸ்கூட்டரில் பின்னாலேயே விரட்டினோம். வழியிலிருந்த ஸ்பீடு பிரேக்கர்களின் மேல் சிவப்புப் பெயின்ட் ஒட்டியிருந்தது. கடைசி ஸ்பீடு பிரேக்கரின் பக்கத்தில் காரின் முன் பம்பர் முழுசாகக் கழன்று கிடந்தது. செயலாளர் ஸ்கூட்டரை நிறுத்தவேயில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் கார் கதவு திறந்தபடி, மூக்கு உடைந்து நின்றது. அண்ணாச்சி எமர்ஜென்சி வார்டின் படியில் உட்கார்ந்திருந்தார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது.

"ஐயா எப்படி இருக்காங்க அண்ணாச்சி?"

"உள்ள கொண்டு போயிட்டாவ. நேரத்தோட வந்தீங்கன்னு டாக்டர் சொன்னாரு. கண்ணு தொறந்து எம் பேரச் சொன்னாவ தம்பி." சொல்லிவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

பக்கத்தில் உட்கார்ந்தேன். கேட்கக் கூடாத நேரம்தான், ஆனாலும் கேட்டுவிட்டேன். "எவ்வளவு வேகத்துல வந்தீங்க?"

அண்ணாச்சி கையை விரித்தார்.

"தெரியாது தம்பி. நான் மீட்டரப் பாக்கவே இல்ல. ஐயா மூச்சு விடுதாவளான்னு கேட்டுக்கிட்டே வந்தேன்."

இத்தனை வருஷ ஆசை. ஒரே ஒரு தடவை போக வேண்டும் என்றவர் போய்விட்டார், போனது அவருக்கே தெரியவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

ஐயா பிழைத்து எழுந்து, மெலிந்து, மறுபடியும் பீடத்தில் ஏறிய முதல் ஞாயிறன்று எல்லோர் முன்பாகவும் சொன்னார். அந்தப் பொருத்தனை அண்ணாச்சி அறியாமல் பண்ணியது, அது தன் தவறு, இனி அவர் தாராளமாக வேகமாகப் போகலாம் என்று. மதினியும் சரி என்றார். நாங்கள் எல்லோரும் திரும்பி அண்ணாச்சியைப் பார்த்தோம். அவர் எழுந்து நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"வேண்டாம்யா. இன்னைக்கு மட்டும்னுதான அன்னைக்குக் கேட்டிய. ஆண்டவரு குடுத்தாரு. நம்ம வாங்கியாச்சு. அதுக்கு மேல கேக்கப்படாது."

மதினி மூக்கை உறிஞ்சினார்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் மதினியும் அந்தக் காரில்தான் கோயிலுக்குப் போகிறார். அவரை உள்ளே இறக்குவதற்கும் வெளியே எடுப்பதற்கும் ஆள் வேண்டும் என்பதால் பில்டிங்கில் வேலை இரட்டிப்பாகிவிட்டது. புது பம்பரின் சிவப்பு பழைய சிவப்போடு சேரவில்லை. கிளம்புவதற்குள் பின்னால் நாலு வண்டி சேர்ந்துவிடும். நான் ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருப்பேன். பின்னால் எவனாவது பொறுக்காமல் ஹாரன் அடித்தால், அண்ணாச்சிக்குக் கோபம் வருவதில்லை, எனக்குத்தான் வருகிறது.