மோசமாக எழுத மூன்று நாள்

நன்றாக எழுதி முன்னுக்கு வந்தவர்கள் உலகத்தில் நிறையப் பேர். மோசமாக எழுதி முன்னுக்கு வருவது என்று முடிவு செய்தவன் நான் ஒருவன்தான்.

நொறுக்குத்தீனிக் கம்பெனியில் பாக்கெட்டின் மேல் எழுதுகிற வேலை எனக்கு. உள்ளே இருப்பதை மெஷின் செய்கிறது. அதைத் தின்னும் ஆசையை நான் செய்கிறேன். பதினோரு வருஷமாக இதே பிழைப்பு. எழுத்துப் பிரிவில் தலைவர் பதவி காலியானதும் மானேஜர் என்னைக் கூப்பிட்டார்.

"உங்க பொண்ணு படிக்கிற ஸ்கூல்ல, காசு போட்டா நம்ம பாக்கெட் விழற மெஷினை வைக்கப் போறோம். சனிக்கிழமை பெற்றோர் கூட்டத்துல ஓட்டு. ஜெயிச்சா நீங்கதான் தலைவர்."

மிதந்துகொண்டே வீட்டுக்கு வந்தேன். மனைவி வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"ஏங்க, ஸ்கூல்ல பாக்கெட் மெஷின் வைக்கறாங்களாம். எதிர்த்துப் பேச என்னைப் போட்டிருக்காங்க. ஒரு பேச்சு எழுதிக் குடுங்க."

"அது எங்க கம்பெனி மெஷினாச்சே."

"அதனாலதான் உங்களைக் கேக்கறேன். உள்விவகாரம் உங்களுக்குத்தானே தெரியும்."

முடியாது என்று சொல்லலாம்தான். கல்யாணமாகிப் பதினாலு வருஷத்தில் அந்த வார்த்தையை இரண்டு தடவை சொல்லியிருக்கிறேன். இரண்டும் தூக்கத்தில்.

அப்போதுதான் அந்த யோசனை உதித்தது. எழுதிக் கொடுப்பேன். கேட்கிறவர்கள் கொட்டாவி விட்டபடியே எங்களுக்கு ஓட்டுப் போடும்படி எழுதிக் கொடுப்பேன்.

லேசான வேலை என்று நினைக்காதீர்கள். ஒரு குழந்தையைக் காட்டு, ஒரு கேள்வி கேள், 'நீங்க' என்று நேரே பேசு. இத்தனை வருஷம் எனக்குச் சோறு போட்ட சூத்திரங்கள் இவை. கை தானாக அங்கேயே போகிறது. நல்ல வரி ஒன்று வந்து விழும். பிடித்துக் கழுத்தை நெரிப்பேன். இப்படியே மூன்று நாள். முடித்தபோது இருபத்து மூன்று சதவீதக் கணக்குகள் இருந்தன. முதல் பக்கத்தில் புறப்பட்ட வாக்கியம் ஒன்று மூன்றாம் பக்கத்தில்தான் இறங்கியது. "தொழில்மயமாக்கப்பட்ட உணவு உற்பத்தி முறைமைகளின் விளைவாக ஏற்படக்கூடியவையாகக் கருதப்படுகின்ற" என்று அதற்கு ஆரம்பம். படித்துப் பார்த்தேன். எனக்கே கண் சொருகியது.

மனைவி பென்சிலோடு உட்கார்ந்தாள்.

"'கருதப்படுகிறது'ன்னா, யாருங்க கருதறது?"

"அதைச் சொல்லக் கூடாது. சொன்னா மரியாதைக் குறைவு."

"நம்ம பொண்ணு டிபன் டப்பாவை அப்படியே திருப்பிக் கொண்டு வர்றாளே, அதை எழுதலையே?"

"ஒரு குழந்தையைச் சொன்னா எடுபடாது. லட்சக்கணக்குல சொல்லணும்."

"கேள்வி ஒண்ணுகூட இல்லையே?"

"சபையில கேள்வி கேட்டா யாராவது பதில் சொல்லித் தொலைப்பாங்க."

"சிரிக்கிற மாதிரி ஏதாவது?"

"சாப்பாட்டு விஷயம். சிரிப்பே கூடாது."

ஒவ்வொன்றையும் ஓரத்தில் குறித்துக்கொண்டாள். "எவ்வளவு விஷயம் தெரிஞ்சு வெச்சிருக்கீங்க," என்றாள். பதினாலு வருஷத்தில் முதல் பாராட்டு. மனசு கொஞ்சம் உறுத்தியது. பதவியை நினைத்துக்கொண்டேன், சரியாகிவிட்டது.

சனிக்கிழமை கூட்டத்தில் மானேஜர் என் பக்கத்து நாற்காலியில் இருந்தார்.

"உங்க வீட்டம்மாவா எதிர்த்துப் பேசறாங்க?"

"கவலைப்படாதீங்க சார். எல்லாம் ஏற்பாடு பண்ணிட்டேன்."

மேடையேறினாள். கையில் என் காகிதம் இல்லை. எங்கள் கம்பெனி பாக்கெட் இருந்தது.

"நேத்து என் பொண்ணு டிபன் டப்பாவைத் திறக்காமலே கொண்டு வந்தா. ஏன்டின்னு கேட்டேன். 'உன் சமையல் சத்தமே போடலம்மா, பாக்கெட்னா மொறுமொறுங்குது'ன்னா. உங்க வீட்லயும் இதே கதைதானே?"

அரங்கமே தலையாட்டியது. பாக்கெட்டைத் தூக்கிக் காட்டினாள்.

"முன்பக்கம் படிக்கிறேன். 'கைபடாமல் தயாரித்தது.' பின்பக்கம், 'அம்மாவின் கைப்பக்குவம்.' கையே படலைன்னா, அது எந்த அம்மாங்க?"

சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. மானேஜர் மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

"ரெண்டும் நீங்க எழுதினதுதானே?"

"வேற வேற வருஷம் சார்."

ஓட்டெடுப்பில் மெஷினுக்கு ஆதரவாக ஒரே ஒரு கை எழுந்தது. என்னுடையதுதான். மேடையிலிருந்து மனைவி பார்த்ததும் அதே கையால் தலையைச் சொறிந்துகொண்டேன். அதோடு விட்டாளா? "எப்படிப் பேசணும்னு எனக்குச் சொல்லிக் குடுத்தது என் வீட்டுக்காரர்தான்," என்று மைக்கிலேயே என்னைக் கைகாட்டினாள். எல்லாரும் கைதட்டினார்கள். மானேஜர் எழுந்து வெளியே போய்விட்டார். பதவி போகட்டும், வேலையே போய்விடும் போலிருந்தது.

கூட்டம் கலைந்து நான் வெளியே வந்தபோது, கேட் பக்கம் மானேஜரிடம் பேசி அனுப்பிவிட்டு மனைவி வந்தாள்.

"இப்படிக் கவுத்துட்டியேம்மா."

"நல்லா எழுதற மனுஷன் இவ்வளவு மோசமா எழுதினா எனக்குத் தெரியாதா? நீங்க கூடாதுன்னு சொன்னதை எல்லாம் பண்ணினேன். அவ்வளவுதான்."

"என் வேலை போயிடுமே."

"போகாது. நீங்க எழுதினதை அவர்கிட்டயே குடுத்துட்டேன். 'உங்களுக்காகத்தான் மூணு நாள் பாடுபட்டாரு, பாருங்க'ன்னேன். படிச்சுட்டு நம்பிட்டாரு."

போன உயிர் திரும்பியது. கூடவே ஆசையும்.

"அப்ப அந்தத் தலைவர் பதவி? விசுவாசத்துக்காகவாவது..."

"அதையும் கேட்டேங்க. 'இப்படி எழுதறவரை எழுத்துப் பிரிவுக்கு எப்படிம்மா தலைவராப் போடறது'ன்னாரு. எனக்கும் நியாயமாத்தான் பட்டுச்சு."