பிறை பாயும் அப்பாவின் நெற்றிக்காசும்

காரைக்காலில் எந்த வீட்டுப் பெட்டியில், எந்தப் புடவைக்கு அடியில் பழைய வெள்ளிக்காசு கிடக்கிறது என்பது அந்த வீட்டுக்காரிக்கே தெரியாது. பிறை பாய்க்குத் தெரியும்.

கீழவாஞ்சூரில் துறைமுகம் வருவதற்குச் சில வருடங்கள் முந்தின சமாச்சாரம் இது. பாய் கைலிக்கடை வைத்திருந்தார். கழுத்தில் கறுப்புக் கயிற்றில் பூதக்கண்ணாடி தொங்கும். கைலி கேட்டுப் போனால், "அது இருக்கட்டும், வீட்ல பழைய வெள்ளிக்காசு இருக்கா?" என்பார். இல்லை என்றால் கைலியை எடுத்துப் போடவே அவருக்கு மனசு வராது.

அவர் தேடியது நவாப் காலத்து ஆற்காட்டு ரூபாய். இரண்டு பக்கமும் பாரசீக எழுத்து. அச்சு பெரிது, காசு சிறிது என்பதால் பாதி எழுத்து விழுந்தே இருக்காது. மிச்சத்தை வைத்துப் பாய் படித்துவிடுவார்.

"தாமரை இருந்தா இங்கிலீஷ்காரன் மெட்ராஸ்ல அடிச்சது. பிறை இருந்தா நம்ம பிரெஞ்சுக்காரன் பாண்டிச்சேரியில அடிச்சது."

அவர் கைக்கு வந்ததெல்லாம் தாமரைதான். பிரெஞ்சுக்காரன் ஆண்ட ஊரில் உட்கார்ந்துகொண்டு ஒரு பிறை கிடைக்கவில்லையே என்று சோறு இறங்காது அவருக்கு.

ஒருநாள் மீன் மார்க்கெட்டில், கோட்டுச்சேரிமேட்டு மீன்கார அக்கா ஒருத்தியின் குழந்தை அரைஞாணில் பழைய காசோடு நின்றது. பாய் அங்கேயே, மீன் தண்ணீரில் மண்டியிட்டுவிட்டார்.

"யோவ் பாய், மீன் வாங்க வந்தியா, எம்புள்ளைக்கு வைத்தியம் பாக்க வந்தியா?"

"சித்த நேரம் புடிச்சுக்கம்மா, ஆடுது."

குழந்தை கண்ணாடி மேலேயே மூத்திரம் பெய்தது. பாய் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். தாமரை.

ஊரெல்லாம் கேட்டவர் எங்கள் வீட்டில் மட்டும் கேட்டதில்லை. அப்பா அவருக்கு அத்தனை சிநேகம். "கேட்டா குடுத்துடுவாரு தம்பி, அது தப்பு" என்பார். அப்பாவோ, "அம்மையார் கண் தொறப்பா பாய், கெடைக்கும்" என்று தினமும் தேற்றுவார்.

அந்த அப்பா ஒருநாள் காலையில் தவறிப்போனார். வழக்கப்படி நெற்றியில் வைக்க, அம்மா தன் பெட்டியிலிருந்து கறுத்த வெள்ளிக்காசு ஒன்றைக் கொடுத்தாள். அப்படி ஒன்று வீட்டில் இருந்தது எங்கள் யாருக்கும் தெரியாது. அண்ணன் சந்தனம் வைத்து ஒட்டினார்.

பாய் மாலையோடு வந்தார். குனிந்தார். நிமிரவே இல்லை.

"தூக்கிவிடுங்கப்பா அவரை" என்றார் ஒருவர்.

"விடுங்க, ஆசை தீர அழுவட்டும்" என்றார் சித்தப்பா.

எனக்குத்தான் தெரியும், கண்ணாடி வெளியே வந்துவிட்டது. என் கையைப் பிடித்து இழுத்து, "தம்பி, மன்னிச்சுக்குங்க. ஆற்காட்டு ரூபாய்தான். ஆனா அடையாளம் அடிப்பக்கம் இருக்கு" என்றார்.

சிவசிவா என்றேன். காலையிலிருந்து அழுத எனக்குச் சிரிப்பு முட்டியது. "காசு நழுவுது" என்று சத்தமாகச் சொல்லிவிட்டு, எடுத்து வேட்டியில் துடைத்து, அடிப்பக்கம் மேலே வரும்படி திருப்பி ஒட்டினேன்.

எழுத்துக்கு நடுவே, வெட்டிப் போட்ட நகம் போல ஒரு பிறை.

"யா அல்லா!" என்று பாய் போட்ட சத்தத்தில் தெருவே அழுதது.

மெல்லச் சொன்னேன்: "பாய், வேற காசு வச்சுட்டு இதை உங்களுக்கு..."

"வாயை மூடுங்க தம்பி! அவரு நெத்தியில இருக்கறதை எடுத்துட்டு, மறுமையில எந்த மூஞ்சியோட அவரைப் பாப்பேன்?"

மயானத்தில் அந்தக் காசு அங்கே வேலை பார்ப்பவருக்குப் போவதுதான் முறை. அப்படியே போனது. பாய் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

காரியம் முடிந்து கடைக்குப் போனேன். ஒவ்வொரு காசையும் கைலித் துணியில் தைத்த சின்னப் பையில் போட்டு, மேலே காசின் பெயரும் கொடுத்தவர் பெயரும் எழுதி வைத்திருப்பார். வரிசையில் புதிதாக ஒரு பை. 'பிறை' என்று எழுதி, கீழே அப்பா பெயர். தொட்டுப் பார்த்தேன். உள்ளே ஒன்றுமில்லை.

"வச்சுடுங்க தம்பி, அது உங்கப்பாகிட்ட இருக்கு" என்றார்.

அந்த வெறும் பையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வைத்தேன்.