இரண்டாவது தவணை

ஆட்டின் முன்பாதி கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. பின்பாதி வர மறுத்தது.

"தள்ளு" என்றார் அவசரம்.

"நான் தள்ளிக்கிட்டுத்தான் இருக்கேன். அதுவும் என்னைத் தள்ளுது" என்றாள் அவர் மனைவி.

"வாலைப் பிடிச்சு உள்ள மடக்கு."

"இது என்ன பாயா, மடக்கி வைக்க?"

இரண்டாவது ஆடு இதையெல்லாம் வாசலில் நின்று கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தது. அடுத்தது தான்தான் என்று அதற்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அவசரம் என்பது ஊர் வைத்த பெயர். செங்கல் சூளையில் கல் சுமப்பவர். வேலை தொடங்குவதற்குக் கால் மணி நேரம் முன்பே சூளை வாசலில் போய் நிற்பார். சரியாகச் சொன்னால் நிற்க மாட்டார், அங்கேயும் இங்கேயும் நடப்பார். அப்படிப்பட்டவர் இன்றைக்கு வேலைக்கே போகவில்லை. காரணம், காலையில் டீக்கடைக்காரர் சொன்ன ஒரே ஒரு வாக்கியம்.

"ஆபீஸ்ல இருந்து ஜீப்பு வருதாம். எவன் வசதியாயிட்டான்னு பாத்து, அவனுக்கு ரெண்டாவது தவணையை நிறுத்தப் போறாங்களாம்."

மூன்று மாதத்துக்கு முன்னால் ஒரு நிறுவனம் அந்த ஊரில் இருந்த ஒவ்வொரு வீட்டுக்கும் செல்போன் வழியாகப் பணம் அனுப்பியது. கடன் இல்லை. வட்டி இல்லை. பதிலுக்கு வேலை எதுவும் செய்ய வேண்டாம். இஷ்டப்படி செலவு செய்துகொள்ளுங்கள், இன்னொரு தவணையும் வரும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

இருபது வருஷமாக யார் யார் வீட்டுக்கோ கல் சுமந்த அவசரம், முதல் தவணையில் தன் வீட்டுக்குக் கல் சுமந்தார். மண்சுவர் இருந்த இடத்தில் செங்கல் சுவர் எழும்பியது. மிச்சத்தில் இரண்டு ஆடு. சுவருக்கு மேலே இன்னும் கூரை இல்லை. நீல நிற பிளாஸ்டிக் விரிப்புதான். தகரக் கூரை இரண்டாவது தவணையில் வர வேண்டும். மழைக்கு இன்னும் பத்து நாள்கூட இல்லை.

இன்னொன்றும் மாறியிருந்தது. முன்பெல்லாம் வாரத்துக்கு ஒருமுறை அவர் மனைவி சூளை மேஸ்திரி வீட்டுப் பின்வாசலில் முன்பணத்துக்காக நிற்பாள். மேஸ்திரி சாப்பிட்டு முடித்து, பல் குத்தி, ஒரு தூக்கம் போட்டு எழுந்துவரும் வரை நிற்பாள். மூன்று மாதமாக அவள் அந்தப் பக்கமே போகவில்லை. அதிலிருந்து மேஸ்திரி அவசரத்தை "டேய்" என்பதை விட்டுவிட்டு "வாப்பா" என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார். அது அவசரத்துக்குக் கொஞ்சம் பயமாகவே இருந்தது.

தவணை நின்றால் கூரை இல்லை. கூரை இல்லாமல் மழை வந்தால் மறுபடியும் பின்வாசல்.

"நிறுத்த மாட்டாங்க" என்றாள் மனைவி. "கேள்வியே கேக்க மாட்டோம்னுதான சொன்னாங்க?"

"கேள்வி கேக்காம எவன்டி காசு கொடுப்பான்? உங்கப்பா எனக்கு ஒரு தடவை பஸ்ஸுக்குச் சில்லறை கொடுத்துட்டு எத்தனை கேள்வி கேட்டாரு!"

"அந்தச் சில்லறையைத் திருப்பிக் கொடுத்தீங்களா?"

அவசரம் பேச்சை மாற்றினார். "கட்டில் சரிப்படாது. ரெண்டையும் தையலக்கா வீட்ல விட்டுட்டு வரேன்."

தையலக்கா இடதுபக்கத்து வீடு. ரவிக்கை தைப்பவள். ஆடுகளை இழுத்துக்கொண்டு அவர் போய் நின்றபோது, தன் புதுத் தையல் மெஷினைப் போர்வையால் மூடிக்கொண்டிருந்தாள். மூடிய பிறகு அது போர்வை போர்த்திய தையல் மெஷினாகத் தெரிந்தது.

"அக்கா, ஒரு மணி நேரம் இதுங்க இங்க இருக்கட்டும்."

"விடு தம்பி. ஆனா இந்த மெஷினை நீ தூக்கிட்டுப் போயிடு. என் வீட்ல ஆடு இருந்தா யாரு என்ன கேக்கப் போறா? உன் வீட்ல மெஷின் இருந்தா யாரு என்ன கேக்கப் போறா?"

இதில் ஏதோ ஒரு ஓட்டை இருப்பதாக அவசரத்துக்குத் தோன்றியது. யோசிக்க நேரமில்லை. மெஷினைத் தலையில் தூக்கிக்கொண்டு வந்தார். கல் சுமந்த தலை, கனம் தெரியவில்லை.

வீட்டுக்குள் வலதுபக்கத்து மீன்காரர் நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் அவருடைய புதுச் சைக்கிள். சைக்கிளின் பின்னால் ஒரு பெரிய வெள்ளை ஐஸ்பெட்டி.

"ஒரு மணி நேரம்தான்பா" என்றார் மீன்காரர்.

"அண்ணே, நானே ஒளிச்சுட்டு வரேன். நீங்க வேற கொண்டு வரீங்களே!"

"நீ ஒளிச்சுட்டேன்னு தெரிஞ்சுதான் கொண்டு வந்தேன். உன் வீட்லதான் இடம் காலியா இருக்கு."

மனைவி சிரித்தாள். அவசரம் சிரிக்கவில்லை. புதுச் சுவர் அவர் கண்ணில் பட்டுவிட்டது. ஆட்டை இடம் மாற்றலாம், சுவரை என்ன செய்வது? பழைய கோணிகளைப் பிரித்து ஆணியடித்துச் சுவர் முழுக்கத் தொங்கவிட்டார். ஆணி அடித்ததில் பூச்சு இரண்டு இடத்தில் உதிர்ந்தது.

"பரவாயில்ல, பழசாத் தெரியும்" என்றார்.

"உங்க புத்தி மட்டும் புதுசாவே இருக்கு" என்றாள் மனைவி.

கடைசி ஆணி இறங்கும்போது டீக்கடைக்காரர் மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"ஜீப்பு முன்னாடித் தெருவுக்கு வந்துடுச்சு. அங்க ஒருத்தன் வீட்ல ஒண்ணுமே இல்லையாம். 'காசெல்லாம் குடிச்சே தீத்துட்டியா'ன்னு கேட்டாங்களாம்!"

"யாரு, ஆபீஸ்காரங்களா?"

"இல்ல, அவன் பொண்டாட்டி. ஆனா ஆபீஸ்காரங்க பக்கத்துலதான நின்னாங்க?"

டீக்கடைக்காரர் திரும்பி ஓடினார். அவருக்கு இன்னும் பல வீடுகள் பாக்கி.

அவசரம் கணக்குப் போட்டார். பொருள் இருந்தால் வசதி என்று நிறுத்துவார்கள். பொருள் இல்லாவிட்டால் குடி என்று நிறுத்துவார்கள். இரண்டில் குடிதான் மோசம். கல்யாணமான நாளிலிருந்து அவர் குடித்ததில்லை. கோணிகளை ஒவ்வொன்றாகப் பிய்த்து எறிந்தார். ஆணிகள் சுவரிலேயே நின்றன. ஆடுகளைக் கூட்டிவர ஓடினார்.

தையலக்கா வாசலிலேயே இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"தம்பி, உன் ஆடு வாடிக்கைக்காரம்மா ரவிக்கையோட ஒரு கையைத் தின்னுடுச்சு."

"எந்த ஆடு?"

"எந்தக் கைன்னு கேளு! வலது கை. அந்தம்மா சாயங்காலம் வந்து கேப்பாங்க. ஒத்தக் கையோடயா கொடுக்கிறது?"

"அப்புறம் பேசிக்கலாம்க்கா!"

ஆடுகளை இழுத்துக்கொண்டு அவர் வீட்டு வாசலைத் தொடவும், ஜீப் தெருவுக்குள் திரும்பவும் சரியாக இருந்தது. மெஷினையும் சைக்கிளையும் திருப்பிக் கொடுக்க நேரமே இல்லை.

ஜீப்பிலிருந்து இறங்கிய ஆபீஸ் மேடத்துக்கு முப்பது வயதுக்குள்தான் இருக்கும். கையில் ஒரு தொடுதிரை டேப். முகம் வெளுத்துப்போயிருந்தது. ஆணி நிறைந்த சுவரை ஒரு பார்வை பார்த்தாள். சைக்கிளை, ஐஸ்பெட்டியை, தையல் மெஷினைப் பார்த்தாள். வாயில் சிவப்புத் துணி தொங்க அசைபோட்டுக்கொண்டிருந்த ஆட்டைக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தாள்.

"கொஞ்சம் தண்ணி கொடுக்கிறீங்களா?" என்றாள்.

ஒரு சொம்பு கொடுத்தார்கள். குடித்தாள். இன்னொரு சொம்பு கேட்டாள். கை நடுங்கித் தண்ணீர் டேப்பின் மேல் சிந்தியது.

"கோபத்துல நடுங்குறாங்க" என்று அவசரம் மனைவியின் காதில் சொன்னார்.

"பணம் உங்க கைக்கு முழுசா வந்துச்சுங்களா? இடையில யாராவது கமிஷன் கேட்டாங்களா?" என்றாள் மேடம்.

"முழுசா வந்துச்சு மேடம். ஒரு பைசா குடிக்கல மேடம். எல்லாம் பொருளாத்தான் இருக்கு. இந்த ஆடு, இந்தச் சைக்கிள், பெட்டி, மெஷின், எல்லாம் அந்தக் காசுதான்."

மேடத்தின் புருவம் உயர்ந்தது. "ஒரு தவணையிலயே இவ்வளவுமா?"

வசதி அதிகமாகிவிட்டது என்பது அவசரத்துக்கு உடனே புரிந்தது.

"இல்ல மேடம். சைக்கிள் வாடகைக்கு. மெஷின்… மெஷின் ரிப்பேருக்கு வந்திருக்கு."

"நீங்க மெஷின் ரிப்பேர் பண்ணுவீங்களா?"

"பண்ணத் தெரியாது மேடம். அதனாலதான் இன்னும் இங்கயே இருக்கு."

"ரிப்பேரா? என் மெஷினுக்கு என்ன ரிப்பேர்?" என்று சத்தம் போட்டுக்கொண்டே தையலக்கா உள்ளே வந்தாள். அவளுக்குப் பின்னால் மீன்காரர்.

"வாடகையா? எனக்கு யாரும் வாடகை கொடுக்கலையே!"

ஆடு ரவிக்கைக் கையை முழுவதுமாக விழுங்கியது.

கடைசியில் மனைவிதான் முன்னால் வந்தாள். "மேடம், உள்ளதைச் சொல்லிடறேன். சுவரும் ஆடும் எங்களுது. மத்ததெல்லாம் இவங்களுது. நீங்க தவணையை நிறுத்திடுவீங்களோன்னு பயந்து ஆளுக்கு ஆள் ஒளிச்சு வச்சோம். எங்களுக்குக் கூரை போடணும். மழைக்கு முன்னாடி போடணும். அவ்வளவுதான்."

மேடம் நான்கு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். திட்டப்போகிறாள் என்று அவசரம் கண்ணை மூடிக்கொண்டார்.

"நீங்க என்ன வாங்கினீங்கங்கறது உங்க இஷ்டம்" என்றாள் அவள் மெதுவாக. "அதை நான் எழுதவே போறதில்ல. ஒரே ஒரு கேள்விதான் பாக்கி. வீட்டுக்கு ஒருத்தர் பதில் சொல்லணும்."

டேப்பை நீட்டினாள். திரையில் ஐந்து முகங்கள் வரிசையாக இருந்தன. முதல் முகம் வாய் நிறையச் சிரித்தது. கடைசி முகம் கண்ணீர் விட்டு அழுதது.

"பணம் கொடுத்த விதத்துல உங்களுக்குத் திருப்தியான்னு கேக்குது. மனசுல என்ன படுதோ அந்த முகத்தைத் தொடுங்க."

"எதைத் தொடணும் மேடம்?"

"அதை நான் சொல்லக் கூடாதுங்க. பாக்கவும் கூடாது." சொல்லிவிட்டு, முதுகைக் காட்டிச் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். தோள் இரண்டும் காதுவரை ஏறியிருந்தன.

"சிரிக்கிறதைத் தொடுங்க" என்று கிசுகிசுத்தாள் மனைவி. "நமக்கென்ன குறை?"

அவசரம் வாழ்க்கையில் முதன்முறையாக அவசரப்படாமல் யோசித்தார். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது திருப்தி என்று சொன்னால் அடுத்த கரண்டி வராது. இங்கேயும் அதேதான். சிரிக்கிறவனுக்கு எதற்கு இரண்டாவது தவணை? ஒளித்ததில் ஏமாந்தாயிற்று, காட்டியதிலும் ஏமாந்தாயிற்று. இதிலும் ஏமாறக் கூடாது.

"நீ சும்மா இரு" என்று மனைவியிடம் சொல்லிவிட்டு, அழுகிற முகத்தின் மேல் விரலை நன்றாக அழுத்தினார். ஒருமுறை பதியாமல் போய்விடுமோ என்று இரண்டு முறை அழுத்தினார்.

பிறகு டேப்பைத் தையலக்காவிடம் கொடுத்து, கண்ணால் கடைசி முகத்தைக் காட்டினார். தையலக்காவுக்குப் புரிந்தது. அவள் மீன்காரரிடம் கொடுத்து அதே இடத்தைக் காட்டினாள். மீன்காரர் விரலை வேட்டியில் துடைத்துவிட்டுத் தொட்டார்.

"ஆச்சுங்களா?" என்றாள் மேடம், திரும்பாமலே.

"ஆச்சு மேடம். எல்லாரும் ஒரே மாதிரி சொல்லிட்டோம்" என்றார் அவசரம் பெருமையாக.

மேடம் டேப்பை வாங்கி, திரையைப் பார்க்காமலே பையில் வைத்துக்கொண்டாள். "ரொம்ப நன்றிங்க" என்று நான்கு பேருக்கும் தனித்தனியாகக் கும்பிட்டாள். அடுத்த தெருவுக்கு ஐம்பது அடிதான். காற்றாட நடந்தே போகிறேன் என்று டிரைவரிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

டிரைவர் ஜீப்பைத் திருப்பிக்கொண்டிருந்தார். அவசரம் பொறுக்கமாட்டாமல் ஜன்னல் பக்கம் ஓடினார்.

"அண்ணே, உள்ளதைச் சொல்லுங்க. நாங்க பாஸா? ரெண்டாவது தவணை வந்துடுமா?"

டிரைவர் சிரித்தார். "நீங்க எதுக்குங்க பாஸாகணும்? உங்க பணத்தை நேத்தே அனுப்பியாச்சு, சாயங்காலத்துக்குள்ள போனுக்கு வந்துடும். பரீட்சை மேடத்துக்குத்தான். நீங்க தொடுற முகத்தை வச்சுத்தான் அவங்களுக்கு வேலை இருக்கா இல்லையான்னு மேல முடிவு பண்ணுவாங்க. பாவம், ரெண்டு நாளா சாப்பிடக்கூட இல்ல… நல்லாச் சிரிக்கிற முகமாப் பாத்துத்தான தொட்டீங்க?"