ஹைட்ரோஸ் டின்னும் என் பக்திக் கண்ணீரும்

தழலாய் நின்ற ஏகம்பனே, இனிப் புகையாய் மட்டும் வாராதே!

வைகாசி வளர்பிறைப் பஞ்சமி, வெள்ளிக்கிழமை. மகள் மீனாவின் திருமணத்துக்கு ஒரு வாரமே இருந்தது. அவளுக்காக நானே சாயமேற்றி, என் தம்பி தன் தறியில் நெய்த அரக்குச் சிவப்பு முகூர்த்தப் பட்டு, பூசையறையில் இறைவன் படத்தின்முன் இருந்தது.

பதிகம் பாடினால் கண்ணீர் பெருக வேண்டும் என்பர். இளமை முதல் பாடுகிறேன். அடுத்த வீட்டாருக்குத்தான் பெருகியிருக்கிறது. (காரணம் வேறு.)

எங்கள் சாயப்பட்டறைக்கு எது புதிதாய் வந்தாலும், பூசையில் வைத்துத் தீர்த்தம் தெளித்த பின்பே தொடுவோம். அன்று வந்தது ஹைட்ரோஸ். பட்டில் தப்பாய் ஏறிய சாயத்தைக் கழற்றும் வெள்ளைப் பொடி. மூடிமேல் தெளித்தால் போதும். நானோ, அருள் உள்ளேயும் இறங்கட்டுமென்று மூடியைத் திறந்து ஓர் உத்தரணித் தீர்த்தம் வார்த்து, கண்களை மூடிப் பாடத் தொடங்கினேன்.

விளக்குகூட ஏற்றாத அறையில் வெப்பம் ஏறியது. யாரோ பல்லிடுக்கில் மூச்சுவிடுவது போல ஒரு சீறல். கண் திறந்தேன். டின்னிலிருந்து எழுந்த வெண்புகை, ஆளுயரத்துக்கு, அசையாமல் நின்றது. அதன் பின்னே, காலையில் நான் சாத்திய செம்பருத்தி ஓரத்திலிருந்து வெளுத்துக்கொண்டே வந்து, இரத்தம் வற்றிய முகம்போல் ஆயிற்று.

என் கண்களில் தாரை தாரையாய் நீர்! ஆட்கொள்ளப்பட்டேன் என்று கைகூப்பி விழுந்தேன்.

வாசற்படியில் என் மனைவி. அவளுக்கும் கண்ணீர்.

“இன்னாங்க இது, சாமி வந்துக்கினு இருக்குதா?”

“வந்துட்டாருடி!”

அவள் பின்னால் மீனா இருமினாள். “சாமிகிட்ட ஏம்பா தீக்குச்சி நாத்தம் வருது?”

அக்கணமே பக்தன் உறங்கி, சாயக்காரன் விழித்தான். ஈரம் பட்டால் அந்தப் பொடி தானே சூடேறிச் சிதைந்து கந்தகப் புகை கக்கும். அப்புகை நிறத்தைத் தின்னும். டின்மேலேயே எச்சரிக்கை இருந்தது. (அதன்மேல்தான் சந்தனம் பூசியிருந்தேன்.)

மனைவியோ, சாமிக்கு அபிஷேகம் செய்யச் செம்பு நீரை ஏந்திவிட்டாள்.

“ஐயோ, தண்ணி ஊத்தாதடி! நெருப்பே புடிச்சுக்கும்! மீனா, பொடவைய எடும்மா!”

மீனா துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டு புடவையை அள்ளி ஓடினாள். நான் டின்னை இடுக்கியால் பற்றி வெளியே இழுத்து மணலில் கவிழ்த்தேன்.

முந்தானையில், தீர்த்தம் வார்த்தபோது ஈரப்பொடி தெறித்த இடம் மட்டும் உள்ளங்கையளவு வெளுத்திருந்தது. மீனா அதையே உடுத்தினாள். மணவறையில் மாப்பிள்ளை அதென்ன திட்டென்று கேட்க, “எங்கப்பாவுக்கு சாமி காட்சி குடுத்த எடம்” என்றாளாம்.

இன்றும் பதிகத்தினிடையே என் கண் சற்றே கலங்கினால், மாப்பிள்ளை பணிவோடு எழுந்து சன்னல்களைத் திறந்து வைக்கிறார்.

இதைப் படிப்போர் யாவரும் நலமுறுக. அவர்தம் கண்ணீர் அன்பினால் மட்டுமே பெருகுக.