கம்பவுண்டர் சாரின் மூன்று தோட்டாக்கள்

சுடப்போகும் பன்றியை நோயாளி மாதிரி பரிசோதித்த மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் குலசேகரத்துப் பக்கம் ஒரு எஸ்டேட் மருந்தகத்தில் கம்பவுண்டராக இருந்தார். அவருடைய சொந்தப் பெயர் அவருக்கே ஞாபகம் இருந்ததோ என்னவோ, எங்களுக்குத் தெரியாது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் ஒரு வருடம். எங்களுக்கு இருந்தது அரை ஏக்கர் மரச்சீனி. மழைக்காலம் முழுக்க வீட்டில் ஆறு வாய்க்கும் அந்தக் கிழங்குதான் சோறு. அதில் ஒரு ஆண் காட்டுப்பன்றி புகுந்து நாளுக்கு ஒரு வரிசையைக் காலி செய்தது. என் வீட்டுக்காரர் விடியும் முன்னே ரப்பர் வெட்டப் போய்விடுவார். ஊரில் துப்பாக்கி கம்பவுண்டரிடம் மட்டுமே இருந்தது. கப்பலேறிய துரை ஒருவர் விட்டுப்போன ரைஃபிள். கூடவே பிஸ்கட் டப்பாவில் மூன்று தோட்டா. மூன்றின் குண்டும் மூன்று விதமான எடை.

சுடச் சொன்னால் மனிதர் அளவு நாடாவோடு வந்தார். குளம்புத் தடத்தின் ஆழம் அளந்தார். சாணத்தைக் குச்சியால் கிளறி, "வயிறு சுகமா இருக்கு" என்றார்.

"சாரே, நீங்க பன்னியைச் சுட வந்தியளா, வைத்தியம் பாக்க வந்தியளா?"

"சும்மா இரி பிள்ளே. மருந்தை நிறுக்கதும் கிரெயின் கணக்கு, குண்டை நிறுக்கதும் கிரெயின் கணக்கு. எடை தெரியாம டோஸ் குடுத்தா நான் கம்பவுண்டரா, கசாப்புக்காரனா?"

"கசாப்புக்காரன் தேவலை. இன்னேரம் கறி வெந்திருக்கும்."

மூன்று நாள் கணக்குப் போட்டார். மூன்று வரிசை போயிற்று. கடைசியில், எந்த மருந்தையும் குறைந்த டோஸில்தான் தொடங்க வேண்டும் என்று இருப்பதிலேயே லேசான தோட்டாவைப் போட்டார். அது மானுக்கு உள்ளது. சேறு காய்ந்து செருப்பின் அடித்தோல் போலிருந்த பன்றியின் தோளில் பட்டுச் சிதறியது. பன்றி திரும்பி அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனது.

"டோஸ் போதல்ல" என்று நோட்டில் எழுதிக்கொண்டார்.

அடுத்தது காட்டெருமைக்கான கனத்த தோட்டா. குண்டுக்குக் கெட்டி மூக்கு, விரியாது. பன்றியின் பின்தொடையில் ஊசி மாதிரி நுழைந்து வெளியே வந்து, வேலிக்குப் பின்னால் இருந்த என் அண்டாவையும் துளைத்தது. பன்றி நொண்டிக்கொண்டு ஓடியது. நாலாம் நாள் நொண்டாமலே வந்தது.

"பன்னிக்கு சுகமாயிட்டு சாரே. எனக்க அண்டாதான் சாகக் கெடக்கு."

மிச்சம் நடுத்தரத் தோட்டா ஒன்று. ஈய மூக்கு, உள்ளே போய் விரியும், வெளியே வராது. முதலிலேயே அதைப் போட்டிருக்க வேண்டும் என்று பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். மிச்சம் கிழங்கு நாலு வரிசை. அப்போதும் மனிதர் நாடாவை எடுக்கிறார்.

"ஒனக்க கிழங்கு தின்னு எடை கூடியிருக்கும் பிள்ளே. கணக்கு மாறும்லா."

"இனி ஒரு வரிசை போச்சுன்னா ஆறு பேரும் உங்க மருந்தக வாசல்ல வந்து குந்துவோம். கணக்கை அங்க வச்சுப் பாத்துக்கிடுங்க."

மறுநாள் காலை ஓடைப் பக்கம் நின்று நான் தகரம் தட்டினேன். பன்றி அவர் பக்கம் ஓட வேண்டும். அந்தச் சனியன் என் பக்கம் திரும்பியது. நான் தகரத்தைக் கீழே போட்டு ஓடப் பார்த்தேன். கால் சேற்றில் மாட்டிக்கொண்டது. அவர் கையில் இருந்த நோட்டு மேலே பறந்ததைப் பார்த்தேன். வெடிச் சத்தம் கேட்டது. என் காலுக்கு ஒரு முழம் முன்னால் பன்றி விழுந்தது. அப்புறம் அசையவில்லை.

இனி எடை பார்க்கப் பன்றியிடம்தான் ஓடுவார் என்று நினைத்தேன். அவர் அதைத் தாண்டி வந்து, சேற்றில் என் பக்கத்தில் உட்கார்ந்து, என் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தார். எண்ணிக்கொண்டே வந்தார், கணக்குத் தப்பியது, மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்கினார்.

வாய் நிறைய வசவு வைத்திருந்தேன். எண்ணி முடிக்கட்டும் என்று கையை அப்படியே விட்டுவைத்தேன்.